தரை தொடும் வரை த்ராட்டிலை மூடாதே

"ஏண்டா, தினமும் இப்படிக் கீழ விழுறதுக்கா இவ்வளவு காசு போட்டு அந்தக் குச்சியை வாங்கின?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அன்று மூன்றாவது தடவையாக, சோவியத் போர் விமானமான மிக்-21-ஐ ஓடுதளத்துக்கு முந்நூறு மீட்டர் முன்னாலேயே புல்வெளியில் இறக்கியிருந்தேன். இறக்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, உண்மையில் அது தானே போய் உட்கார்ந்துகொண்டது. குச்சி என்று அம்மா சொல்வது ஜாய்ஸ்டிக்கை.

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற, கம்ப்யூட்டரில் ஓட்டுகிற போர் விமான சிமுலேட்டரை மூன்று வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அடிப்படை மென்பொருள் இலவசம், கூடவே எஸ்யு-25டி, டிஎஃப்-51 என்று இரண்டு விமானங்களும் காகசஸ் வரைபடமும் இலவசமாக வரும். மற்ற விமானங்களை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்கவேண்டும். எல்லோரையும் போல நானும் முதலில் வாங்கியது அமெரிக்கப் போர் விமானமான எஃப்-18. நல்ல விமானம், குறை ஒன்றும் இல்லை, ஆனால் ஆறு மாதத்தில் எனக்குச் சலித்துவிட்டது. பகல் முழுக்க ஆபீஸில் திரையைப் பார்த்து பட்டன் அழுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, விமானத்தில் ஏறி, அங்கேயும் மூன்று திரையைப் பார்த்து பட்டன் அழுத்துவதென்றால் எப்படி? நாற்பது மைல் தள்ளி இருக்கிற ஒரு சின்னக் கட்டத்தைத் தேர்வு செய்து ஏவுகணையை விட்டுத் திரும்பிவிடலாம். எதிரியின் முகத்தைக்கூடப் பார்க்கவேண்டியதில்லை.

அப்புறம் ஒரு தள்ளுபடி சமயத்தில் மிக்-21-ன் ஒரு வடிவமான மிக்-21பிஸ் வாங்கினேன். இந்த சிமுலேட்டருக்கு அது வந்தது 2014-ல், அதனால் அதுவே இப்போது பழைய சரக்குதான். பழைய சிமுலேஷனில் ஒரு பழைய விமானம். அன்றிலிருந்து எஃப்-18 கொட்டகையிலேயே கிடக்கிறது.

உள்ளே உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் படுவது நிறம். காக்பிட் முழுக்க ஒரு நீலப் பச்சை, பழைய அரசாங்க ஆஸ்பத்திரிச் சுவர்களுக்கு அடிப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கண்ணுக்கு அலுப்புத் தட்டாது, மனசு பதறாது என்றுதான் சோவியத்காரர்கள் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம். எனக்கு முதல் வாரம் நல்லாவே பதறியது. எதிரே இருக்கிற பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருக்கும். அலங்காரம் என்று நினைத்தேன். விமானம் கட்டுப்பாடு இழந்து பம்பரம் மாதிரிச் சுற்ற ஆரம்பித்தால் விமானிக்கு எது இடம் எது வலம் என்று தெரியாமல் போய்விடும், அப்போது கண்ணை மூடிக்கொண்டு குச்சியை அந்தக் கோட்டுக்கு நேராகத் தள்ளவேண்டும், அதற்குத்தான் கோடு. ஒரு விமானத்தின் மூஞ்சியிலேயே "நீ ஒருநாள் சுற்றுவாய்" என்று எழுதி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

எழுத்தெல்லாம் ரஷ்ய மொழி. ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, நான் மாற்றவில்லை, வீம்புதான். இரண்டு வாரத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்க வந்துவிட்டது. முதலில் புரிந்த சொல் "ஷஸ்ஸி". நம் ஊர் லாரி ஒர்க்‌ஷாப்பில் சேஸிஸ் என்போமே, அதே பிரெஞ்சு வார்த்தைதான், ரஷ்யர்கள் அதைச் சக்கரங்களுக்கு வைத்துக்கொண்டுவிட்டார்கள். இன்னொரு விஷயம், அமெரிக்க விமானங்களில் எல்லாம் நாட் கணக்கு, அடிக் கணக்கு. இதில் வேகம் கிலோமீட்டரில், உயரம் மீட்டரில். பைக் ஓட்டுகிறவனுக்கு 350 என்றால் என்ன வேகம் என்று உடம்புக்கே தெரியும்.

பைக் என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பாவிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது, கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம் இருக்கிற காலத்து வண்டி. அதைச் சும்மா உதைத்தால் கிளம்பாது. கிக்கரை மெதுவாக அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, டீகம்ப்ரஷரைப் பிடித்து, ஒரு மயிரிழை கீழே இறக்கி, விட்டுவிட்டு, அப்புறம் ஓர் உதை. அப்பா அதைச் செய்யும்போது பேசமாட்டார். மிக்-21-ஐக் கிளப்பும்போது எனக்கு அவர் ஞாபகம் வராத நாள் இல்லை. பேட்டரி, பிறகு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர்கள், பிறகு விமானத்தின் சாய்வை அறிகிற ஜைரோக்கள், பிறகு எரிபொருள் பம்ப் மூன்று, எஞ்சின் சுற்றைக் கூட்டிக் குறைக்கிற பிடியான த்ராட்டிலை நிறுத்தத்திலிருந்து விடுவித்து, குறைந்தபட்சச் சுற்றான ஐடிலுக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டு, கையை எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எங்கோ அடியில் ஒரு முனகல் தொடங்கும். முள் நகரும். முனகல் விசிலாக மாறும். அந்தச் சில விநாடிகள் வேறு எந்தச் சுவிட்ச்சையும் நான் தொடமாட்டேன், தொடலாம்தான், ஆனால் தொடமாட்டேன்.

எரிபொருள் முள் விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த விமானத்தில் அந்த முள்ளுக்கு டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. நாம்தான் கிளம்பும் முன் ஒரு குமிழைத் திருகி "இவ்வளவு போட்டிருக்கிறேன்" என்று சொல்லவேண்டும், அது எஞ்சினுக்குப் போகிற அளவை எண்ணி அதிலிருந்து கழித்துக்கொண்டே வரும். கடைக்காரர் நோட்டில் எழுதுகிற கணக்கு மாதிரி. நாம் சொன்னதை நம்பும். ஒருநாள், வயிற்றுக்கு அடியில் மாட்டுகிற 800 லிட்டர் கூடுதல் டேங்கை மாட்டாமலேயே, வழக்கம்போல அதையும் சேர்த்து முள்ளை வைத்துவிட்டேன். ஜார்ஜியாவின் பத்துமி நகரத்துக்கு மேற்கே கருங்கடலின் மேல் ஜாலியாகத் திரிந்துகொண்டிருந்தபோது, 450 லிட்டர்தான் மிச்சம் என்று எச்சரிக்கிற விளக்கு எரிந்தது. முள்ளைப் பார்த்தேன், ஆயிரத்து இருநூறுக்கும் மேலே காட்டியது. விளக்கு கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். படித்தவன்தானே நான், முள் துல்லியமாக எண் காட்டுகிறது, விளக்கு சும்மா எரிகிறது, எதை நம்புவது? இன்னும் கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் அடங்கிப்போய்க் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. முள் அப்போதும் எண்ணூறு என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது. டேங்கிலேயே உட்கார்ந்திருக்கிறவன் சொன்னதைக் கேட்காமல், நானே எழுதிக்கொடுத்த கணக்கை நம்பியிருக்கிறேன்.

ஓடுதளத்துக்குப் போகிற வழியிலும் வேலை உண்டு. மூக்குச் சக்கரம் தன்பாட்டுக்குத் திரும்பும், அதை நாம் திருப்ப முடியாது. குச்சியில் சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு பிடி இருக்கும், அதை அழுத்தினால் அழுத்தக் காற்றால் சக்கரங்களில் பிரேக் விழும். காலால் எந்தப் பக்கப் பெடலை மிதித்திருக்கிறோமோ அந்தப் பக்கம் அதிகமாகப் பிடிக்கும், விமானம் அந்தப் பக்கம் திரும்பும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புஸ்ஸ், புஸ்ஸ் என்று காற்று விடுகிற சத்தம், பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிற அரசு பஸ் மாதிரியே. முதல் மாதம் நான் டாக்ஸிவேயில் போனதைப் பார்த்திருந்தால் ராத்திரி பதினொரு மணிக்கு டாஸ்மாக்கிலிருந்து வீட்டுக்குப் போகிறவர் ஞாபகம்தான் வரும்.

மேலே ஏறிவிட்டால் அது வேறு ஆள். இறக்கையின் மொத்த அகலமே 7.15 மீட்டர், ஒரு டவுன் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினால் அதைவிட நீளமாக இருக்கும். அந்தச் சின்ன முக்கோணத்தைக் கட்டிக்கொண்டு ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் போகும். ஆர்-25 என்ற எஞ்சின், பின்னால் போகிற சூடான காற்றில் இன்னும் எரிபொருளைக் கொட்டி எரிக்கிற ஆஃப்டர்பர்னரில் 7,100 கிலோ தள்ளுவிசை. அதுபோக, தாழ்ந்த உயரத்தில் மட்டும் போடக்கூடிய இரண்டாவது ஆஃப்டர்பர்னர் ஒன்று இருக்கிறது. ஒரு சுவிட்ச்சைத் தட்டி த்ராட்டிலைக் கடைசிவரை தள்ளினால் யாரோ பின்னாலிருந்து பிடரியில் அறைந்த மாதிரி முள்ளெல்லாம் எகிறும், எரிபொருள் முள் மட்டும் எதிர்த்திசையில். சோவியத் வடிவமைப்பாளர்களுக்கு இது பெரிய பிரச்சினையில்லை. எல்லைக்குள் வருகிற எதிரி விமானத்தை நோக்கி தரையில் இருக்கிற ராடார்காரர் வழிசொல்ல, நேராக மேலே போய், ஒரு அடி அடித்துவிட்டு, உடனே இறங்குவதற்காகச் செய்த வண்டி இது. நாற்பது நிமிடத்துக்கு மேல் மேலே சுற்றவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சண்டையில் எனக்குப் பிடித்த எதிராளி எஃப்-5ஈ என்ற சின்ன அமெரிக்கப் போர் விமானம். இதற்கு ஒரு காரணம் உண்டு. 1966 ஆகஸ்டில் முனீர் ரெட்ஃபா என்ற ஈராக்கிய விமானி தன் மிக்-21-ஐ அப்படியே இஸ்ரேலுக்குக் கொண்டுபோய் இறக்கினார், பிறகு அந்த விமானத்தை அமெரிக்கர்களும் இரவல் வாங்கிப்போய் ஓட்டிப் பார்த்துப் பாடம் படித்தார்கள். அதற்கப்புறம் அவர்களுடைய விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க மிக்-21 வேடம் போட அவர்கள் வைத்துக்கொண்ட விமானங்களில் முக்கியமானது எஃப்-5ஈ. அளவும் குணமும் அவ்வளவு நெருக்கம். ஆக, நானும் அதுவும் மோதுவது அசலும் வேஷமும் மோதுவதுதான்.

வேஷம் பலநாள் ஜெயித்துவிடுகிறது. முக்கோண இறக்கையின் குணம் என்னவென்றால், குச்சியை இழுத்த முதல் விநாடியில் அட்டகாசமாகத் திரும்பும், அந்த ஒரு விநாடி நீங்கள்தான் ராஜா. இரண்டாவது விநாடியில் வேகம் கரையும். நாலாவது விநாடியில் 700-ல் இருந்தவர் 400-க்கு வந்து, மூக்கை வானத்தில் வைத்துக்கொண்டு செங்கல் மாதிரி இறங்கிக்கொண்டிருப்பீர்கள், எஃப்-5 நிதானமாகப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கும். இடது பக்கம் ஒரு சின்ன வட்ட முள் இருக்கிறது, காற்றுக்கும் இறக்கைக்கும் உள்ள கோணத்தைக் காட்டுவது. அது சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் மொத்த வித்தை. பால் பொங்கும்போது அடுப்பைக் குறைக்கிற மாதிரி, இழு, பார், விடு, இழு. பீரங்கியில் மொத்தம் 200 குண்டுதான், அது ஓடுகிற வேகத்துக்கு நாலு விநாடிகூட வராது. தவறவிட்டால் வட்டமடித்து வம்பு வளர்க்கக்கூடாது, ஆஃப்டர்பர்னரைப் போட்டு நேராக ஓடிப்போய்விட்டுத் திரும்பி வரவேண்டும். ஓடுவதில் வெட்கப்படாத நாளிலிருந்துதான் நான் ஜெயிக்க ஆரம்பித்தேன்.

இருந்தாலும் இந்த விமானத்தில் என்னைக் கட்டிப்போட்டது சண்டை இல்லை, இறக்கம்தான்.

மற்ற எந்த விமானத்திலும் ஓடுதளம் வந்ததும் கை தானாகச் செய்வது, த்ராட்டிலைக் குறைப்பது. மிக்-21பிஸ்ஸில் அதைச் செய்தால் நேரே புல்வெளி. காரணம், அந்தச் சின்ன இறக்கையால் மெதுவான வேகத்தில் விமானத்தைத் தாங்க முடியாது, அதற்காக எஞ்சினிலிருந்தே கொஞ்சம் காற்றைத் திருடி, இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கிய மடிப்புகளான ஃபிளாப்களின் மேல் பீய்ச்சி அடிப்பார்கள். எஸ்பிஎஸ் என்று பெயர். அந்தக் காற்று இருக்கும்வரை இறக்கை பெரிய இறக்கை மாதிரி நடிக்கும். த்ராட்டிலை மூடினால் எஞ்சின் சுற்று குறையும், காற்று நிற்கும், நடிப்பும் நிற்கும். தரைக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது திடீரென்று காலடியில் பலகையை உருவின மாதிரி விழும். பதறிப்போய் த்ராட்டிலை முன்னால் தள்ளினால் இந்த எஞ்சின் சோம்பேறி, முழுச் சுற்றுக்கு ஏற அது எடுத்துக்கொள்கிற விநாடிகளில் எல்லாம் முடிந்துபோயிருக்கும். அம்மா பார்த்த மூன்று விழுதலும் இதுதான்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். கைக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு நாற்பது நாள் ஆனது. காகசஸ் வரைபடத்தில் இருக்கிற கோபுலெட்டி விமானத்தளத்தில் தினமும் ராத்திரி சாப்பிட்டபின் ஒரு மணி நேரம், சண்டை கிடையாது, ஏறு, சுற்று, இறங்கு. கடைசி நேர்கோட்டில் 360, ஓடுதளத்தின் விளிம்பு நெருங்கும்போது 340, மூக்கின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற அந்த நீளக் குழாயை ஓடுதளத்தின் முனையில் வைத்துக்கொண்டு, இடது கை த்ராட்டிலில் சாவி திருப்புகிற அளவு மட்டும் அசையவேண்டும். விளிம்பைத் தாண்டினாலும் மூடக்கூடாது. மூக்கைக் கொஞ்சம் தூக்கி, தூக்கி, பின்சக்கரம் கீச்சென்று தொட்ட பிறகுதான் மூடவேண்டும். அந்தக் கீச் சத்தத்துக்கு முன்னால் ஒரு விநாடி இருக்கிறதே, கை மூடு மூடு என்று கெஞ்சும், மூடாமல் இருக்கவேண்டும். என் டேபிளில் த்ராட்டில் பக்கத்தில் ஒரு சின்னத் தாளில் "மூடாதே" என்று எழுதி ஒட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்த மாமா, கதவைப் பற்றியது என்று நினைத்து, பாத்ரூம் கதவைக்கூடத் திறந்தே வைத்துவிட்டுப் போனார்.

சின்ன வயசில் நாங்கள் இருந்தது தாம்பரம் பக்கம். விமானப்படைத் தளத்திலிருந்து கிரண் பயிற்சி விமானங்கள் மொட்டை மாடிக்கு மேலே போகும், துணி காயப்போடுகிற அம்மாகூட நிமிர்ந்து பார்ப்பார். மிக்-21 பறப்பதை மட்டும் நான் நேரில் பார்த்ததே இல்லை. இனிமேல் நம் நாட்டில் பார்க்கவும் முடியாது, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் வழியனுப்பிவிட்டார்கள். 1963-ல் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கிய அதே ஊரில். அன்று ஆபீஸில் மதியம் சாப்பாட்டை வைத்துக்கொண்டு போனில் பார்த்தேன். பக்கத்து சீட் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணே, இது அபிநந்தன் ஓட்டினதுதானே?" என்றான். ஆமாம், அதன் மேம்படுத்திய வடிவமான பைசன். 2019-ல் அவர் திரும்பி வந்த வாரம் எங்கள் தெரு சலூனில் இரண்டு பேர் அந்த மீசை கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். 1971 டிசம்பர் 14-ல் டாக்காவில் கவர்னர் மாளிகைக் கூரைமேல் ராக்கெட் அடித்தது இதன் முந்தைய வடிவம் என்று அவனிடம் ஆரம்பித்தேன், அதற்குள் அவனுக்கு மீட்டிங் வந்துவிட்டது.

பறக்கும் சவப்பெட்டி என்று பத்திரிகைகள் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தன. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது, ஆனால் பொய் என்று சண்டை போடவும் முடியவில்லை. விமானத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. பழசாகிப்போன பிறகும் வைத்து ஓட்டினார்கள், அதற்கு முன்னால் ஏறிப் பழக ஏற்ற ஜெட் பயிற்சி விமானம் பல வருடம் இல்லை, ஹாக் என்ற பயிற்சி விமானம் படையில் சேர்ந்ததே 2008-ல்தான். இருபத்து மூன்று இருபத்து நாலு வயசுப் பையன்கள் மெதுவான விமானத்திலிருந்து நேராக இதில் ஏறி 340-ல் ஓடுதளத்தை நோக்கி வந்திருக்கிறார்கள். எனக்கு அந்த இறக்கம் பிடிபட நாற்பது நாள், விழுந்தது எழுபது எண்பது தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் எஸ்கேப்பை அழுத்திவிட்டு ஒரு வாய் டீ குடித்திருக்கிறேன். ராத்திரி கோபுலெட்டி விளக்குகள் தூரத்தில் தெரியும்போது சிலநாள் இது ஞாபகம் வரும், அன்றைக்குக் கொஞ்சம் ஒழுங்காக ஓட்டுவேன்.

வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ராடார் திரையில் பாதி நேரம் மலையும் தரையும்தான் தெரியும், பின்னால் திரும்பிப் பார்த்தால் சீட்டுதான் தெரியும், நவீன விமானம் ஓட்டுகிற ஆட்களோடு ஆன்லைனில் மோதினால் யார் அடித்தார்கள் என்று தெரிவதற்குள் செத்துவிடுவீர்கள். அதெல்லாம் பரவாயில்லை என்றால் வாங்குங்கள். தலை அசைவைப் பிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம், சாதாரண வெப்கேமராவும் ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளும் போதும், நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். கால் பெடல் மட்டும் எப்படியாவது தேற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் புஸ்ஸ் பிரேக்கோடு மாரடிக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா முறுக்குத் தட்டோடு வந்து பின்னால் நின்றார். எனக்கு வேர்த்தது, கடைசி நேர்கோட்டில் இருந்தேன். 360. 340. விளிம்பு தாண்டியது, மூடவில்லை. கீச். மூடினேன், மூக்கு மெதுவாக இறங்கியது, பாராசூட் பட்டனை அழுத்தினேன். வாலுக்குப் பின்னால் அது விரிந்து விமானத்தைப் பிடித்து இழுப்பது நன்றாகத் தெரியட்டும் என்று கேமராவை வெளியே மாற்றிக் காட்டினேன்.

"நேரா நின்னுடுச்சே இன்னைக்கு," என்றார் அம்மா. அப்புறம் திரையைக் காட்டி, "அது என்னடா வாலுல, குடையா? நல்லா இருக்கே. இன்னொரு தடவை விரி."

"அது இறங்கி ஓடும்போதுதான் விரியும்மா. மறுபடியும் மேல ஏறிச் சுத்திட்டு வரணும்."

"சரி, ஏறிச் சுத்திட்டு வா," என்று சொல்லி, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.